அம்மிச்சியின் மாத்திரை டப்பா

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் பெருமாட்டி என்றொரு ஊர் இருக்கிறது. கிழக்கே கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு வந்துவிடும். பஸ்ஸின் பலகை மலையாளத்தில் இருக்கும், திண்ணைப் பேச்சு தமிழில் இருக்கும். பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வரும் காற்று தென்னை மட்டைகளைச் சும்மா இருக்க விடாது. என் அம்மா இருப்பது அங்கேதான். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை மகளுக்கு அவர் அம்மிச்சி.

கோடை விடுமுறைக்கு நாங்கள் போயிருந்தபோது, அம்மிச்சியின் மாத்திரைகள் இருக்கும் பழைய பிஸ்கட் டப்பாவைத் தங்கை மகள் கவிழ்த்துக் கொட்டி அடுக்க ஆரம்பித்தாள். நான்கு வகை அட்டைகள் இருந்தன. மூன்று ஏறக்குறையக் காலி. நான்காவதில் இரண்டு மாத்திரைதான் குறைந்திருந்தது.

"அம்மிச்சி, இதுல மட்டும் ஏன் மாத்திரை அப்படியே இருக்கு?"

"அது பிரஷர் மாத்திரை கண்ணு. அதைத் தின்னா சுகர் ஏறுமாமா. பக்கத்து வீட்டுல சொன்னாங்க. எனக்கு ஏற்கெனவே சுகரு. எதுக்கு வம்புன்னு எட்டு நாளா விட்டுட்டேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, நிஜமாவா?"

பிள்ளைகளே, அது பாதி நிஜம். முழுப்பொய்யாக இருந்தால் ஒரே வார்த்தையில் மறுத்துவிடலாம். பாதி நிஜத்துக்குத்தான் பொறுமையாக விளக்கம் சொல்ல வேண்டும். அன்று அவளுக்குச் சொன்னதை இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

தோப்பில் ஓடும் பாடம்

அவளைத் தென்னந்தோப்புக்குக் கூட்டிப்போனேன். கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து பெரிய குழாய், அதிலிருந்து கறுப்புச் சின்னக் குழாய்கள், ஒவ்வொரு மரத்தடியிலும் சொட்டுச் சொட்டாக நீர். தொடக்கத்திலேயே ஒரு வடிகட்டி இருக்கும். சொட்டுநீர்ப் பாசனம் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

நம் உடம்பும் இப்படித்தான். மோட்டார் நம் இதயம். குழாய்கள் ரத்த நாளங்கள். வடிகட்டி சிறுநீரகம். தண்ணீர் குழாயின் சுவரை உள்ளிருந்து தள்ளுகிறது அல்லவா? அதுபோல ரத்தம் நாளத்தின் சுவரைத் தள்ளும் விசைதான் ரத்த அழுத்தம்.

இதை முதலில் அளந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஹேல்ஸ். 1733இல் அவர் வெளியிட்ட நூலில் அந்தச் சோதனை இருக்கிறது. ஒரு குதிரையின் தமனியில் உயரமான கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். ரத்தம் 8 அடி 3 அங்குல உயரம் வரை ஏறி நின்றது! மனிதருக்கு அப்படிச் செய்ய முடியுமா? 1896இல் இத்தாலியின் ரிவா-ரோச்சி கையில் சுற்றிக் காற்றடிக்கும் பட்டையைக் கொண்டுவந்தார். 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் அந்தப் பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். காற்றை மெல்ல இறக்கும்போது 'டப் டப்' என்று சத்தம் தொடங்கும் இடம் மேல் அளவு, சத்தம் மறையும் இடம் கீழ் அளவு. 120/80 என்று டாக்டர் எழுதுவது இந்த இரண்டையும்தான். பாதரசம் எத்தனை மில்லிமீட்டர் ஏறும் என்பதற்கான கணக்கு அது.

120 மில்லிமீட்டர் என்றால் ஒரு சாண் கூட இல்லையே என்று நினைக்காதீர்கள். பாதரசம் கனமானது. அதே விசை ரத்தத்தை ஏற்றினால் சுமார் 5 அடி உயரம் போகும். உங்களில் பலரைவிட அது உயரம்!

பெரியவர்களுக்கு அளவு 140/90ஐ எட்டி, பலமுறை பார்த்தும் அப்படியே இருந்தால் உயர் ரத்த அழுத்தம் என்கிறார்கள். தோப்பில் மோட்டார் விசை கூடிப்போனால் என்ன ஆகும்? குழாயின் இணைப்பு தெறிக்கும், வடிகட்டி கிழியும். உடம்பில் அதேதான் மூளையிலும் இதயத்திலும் சிறுநீரகத்திலும் நடக்கிறது.

சர்க்கரை என்ன செய்கிறது?

இனி அந்தக் கறுப்புக் குழாயைப் பாருங்கள். தண்ணீரில் உப்பும் உரமும் கூடினால் சொட்டும் துளையில் வெள்ளையாகப் படியும். நாளாக ஆகத் துளை அடைபடும். ரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் கூடுதலாக இருந்தால், கண்ணிலும் சிறுநீரகத்திலும் உள்ள மயிரிழைக் குழாய்கள் இப்படித்தான் கெடுகின்றன. படிவு உண்டாகும் விதம் வேறு, கேடு ஒன்றுதான்.

நாம் தின்னும் சோறும் தோசையும் குளுக்கோஸாகி ரத்தத்துக்கு வருகின்றன. அது செல்லுக்குள் போக இன்சுலின் என்ற சாவி வேண்டும். வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம் அந்தச் சாவியைச் செய்கிறது. சாவி குறைந்தாலும், பூட்டு துருப்பிடித்துச் சாவிக்குத் திறக்காவிட்டாலும் சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடும். காலையில் வெறும் வயிற்றில் 100க்குக் கீழே இருக்க வேண்டியது 126ஐத் தொட்டுவிட்டால், அதை மறுபடி சோதித்து உறுதி செய்துகொண்டு நீரிழிவு என்பார்கள்.

பிரஷரும் சுகரும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். பூட்டு துருப்பிடித்த உடம்பில் கணையம் மேலும் மேலும் இன்சுலினை அனுப்பும். அந்த மிகை இன்சுலின் சிறுநீரகத்திடம் "உப்பை வெளியே விடாதே" என்று சொல்லும். உப்பு தங்கினால் நீர் தங்கும், நீர் தங்கினால் அழுத்தம் ஏறும். நாளங்களும் விறைத்துப்போகும்.

இது ஒன்றிரண்டு வீட்டுக் கதை இல்லை. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டன. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு, 31 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம். கேரளத்தில் மட்டும் பெரியவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு நீரிழிவு. உங்கள் தெருவில் பிஸ்கட் டப்பா நிறைய மாத்திரை வைத்திருக்கும் அம்மிச்சி எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

வாலைப் பார்த்து இனம் சொல்

பிரஷர் மாத்திரை என்பது ஒரே மருந்தின் பெயர் இல்லை. அதில் பல குடும்பங்கள் உண்டு. அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரின் கடைசிப் பகுதியைப் பார்த்தால் பெரும்பாலும் குடும்பம் தெரிந்துவிடும்.

முதல் குடும்பம், 'தயசைடு'. ஹைட்ரோகுளோரோதயசைடு போன்றவை. வீட்டில் 'நீர் மாத்திரை' என்பார்கள். தொட்டியில் தண்ணீரைக் குறைத்தால் குழாயில் விசை குறையும் அல்லவா? கூடுதல் உப்பையும் நீரையும் சிறுநீரில் இறக்கிவிடும் வேலை இதற்கு. போகிற போக்கில் பொட்டாசியம் என்ற தாதுவும் கொஞ்சம் போய்விடும். கணையம் இன்சுலினைத் தாராளமாக விடப் பொட்டாசியம் போதிய அளவு இருக்க வேண்டும். அது குறைந்தால் சாவியும் குறையும், சர்க்கரை சற்று ஏறும். பக்கத்து வீட்டில் சொன்ன பாதி நிஜம் இங்கிருந்துதான் வந்தது. குறைந்த அளவு மருந்தில் இந்த ஏற்றம் சிறியது. ரத்தத்தைச் சோதித்துப் பொட்டாசியத்தைப் பார்த்துக்கொண்டே டாக்டர்கள் இதைக் கொடுப்பார்கள்.

இரண்டாவது குடும்பம், 'லால்'. அட்டெனலால், மெட்டோப்ரலால், ப்ரோப்ரனலால். இவை மோட்டாரின் வேகத்தைக் குறைப்பவை. ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பிளாக் 1960களில் ப்ரோப்ரனலாலை உருவாக்கினார். 1988இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். மாரடைப்பு வந்தவர்களுக்கும் பலவீனமான இதயம் உள்ளவர்களுக்கும் இந்தக் குடும்பம் உயிர்காக்கும் மருந்து. ஆனால் இதில் சில மருந்துகள் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றும். இன்னொரு விஷயமும் உண்டு. அதைக் கவனமாகக் கேளுங்கள்.

சர்க்கரை மருந்து கூடியோ, சாப்பாடு தவறியோ ரத்தத்தில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் உடம்பு எச்சரிக்கை மணி அடிக்கும். அட்ரினலின் சுரக்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். லால் குடும்பம் அட்ரினலினின் வழியை மறிக்கும் மருந்து. அதனால் நடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாமல் போகலாம். மணி அடிக்கிறது, சத்தம் மட்டும் கேட்கவில்லை. ஆனால் ஓர் அடையாளத்தை இந்த மருந்தாலும் மறைக்க முடியாது. அதுதான் வியர்வை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்குத் திடீரென்று குப்பென்று வியர்க்கிறதா? பேச்சு குழறுகிறதா? உடனே பெரியவர்களைக் கூப்பிடுங்கள். நினைவோடு இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுக்கச் சொல்லுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சர்க்கரையை அளக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். 108க்கு போன் செய்ய வேண்டும்.

மூன்றாவது குடும்பம், 'பிரில்', அதன் ஒன்றுவிட்ட தம்பி 'சார்டன்'. எனலாபிரில், ராமிபிரில், லோசார்டன், டெல்மிசார்டன். இவர்களுடைய கதை பாம்பில் தொடங்குகிறது!

பிரேசில் நாட்டில் ஜராராகா என்றொரு விரியன் இருக்கிறது. அது கடித்தால் ரத்த அழுத்தம் சடாரென்று விழும். ஏன் என்று தேடினார் செர்ஜியோ ஃபெரேரா என்ற பிரேசில் விஞ்ஞானி. 1960களில் அந்த விஷத்திலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். நம் உடம்பில் ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் ரத்த நாளங்களை முறுக்கிப் பிடிக்கிறது. அதை உருவாக்கித் தரும் நொதியைப் பாம்பு விஷம் மடக்கிவிடுகிறது என்பது பிறகு புரிந்தது. அந்த வித்தையைக் கற்றுக்கொண்டு அமெரிக்காவில் குஷ்மன், ஒண்டெட்டி என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஆய்வுக்கூடத்திலேயே கேப்டோபிரில் மருந்தைச் செய்தார்கள். 1981இல் அது மருந்துக்கடைக்கு வந்தது. மாத்திரையில் விஷம் இல்லை, பயப்பட வேண்டாம். விஷம் சொல்லிக்கொடுத்த பாடம் மட்டும்தான் இருக்கிறது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு, குறிப்பாகச் சிறுநீரில் புரதம் ஒழுகத் தொடங்கியவர்களுக்கு, டாக்டர்கள் முதலில் தேடுவது இந்தக் குடும்பத்தைத்தான். நம் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண் வடிகட்டிகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவுக்கு வடிகட்டி, பெரும்பகுதியைத் திரும்ப உடம்புக்கே தருகின்றன. பிரிலும் சார்டனும் அந்த வடிகட்டியிலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலைத் தளர்த்திவிடும். உள்ளே அழுத்தம் தணியும், வடிகட்டி கிழியாமல் நெடுநாள் உழைக்கும். இந்த மருந்துகள் சர்க்கரையையும் ஏற்றுவதில்லை.

இந்தக் குடும்பத்திலும் குறை உண்டு. பிரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். இரண்டுமே பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும். சித்தூர்ப் பக்கம் தென்னை இல்லாத தோட்டம் ஏது? வெயிலுக்கு இளநீர் வெட்டிக் கொடுப்பதுதானே நம் உபசாரம்! இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் பழுதுபட்டு, இந்த மாத்திரையும் சாப்பிடுபவர்கள் இளநீர் குடிக்கலாமா, எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தயசைடில் பொட்டாசியம் போகிறது, பிரிலில் தங்குகிறது. அதனால்தான் ஒருவருக்கு எழுதிய மாத்திரையை இன்னொருவர் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

நான்காவது குடும்பம், 'டிபின்'. அம்லோடிபின் எல்லோருக்கும் தெரிந்த பெயர். நாளத்தின் சுவரில் இருக்கும் தசையைத் தளர்த்திக் குழாயை அகலமாக்கும். சிலருக்குக் கணுக்கால் வீங்கும். சர்க்கரையை ஏற்றவும் செய்யாது, இறக்கவும் செய்யாது.

எது பெரிது?

"அப்போ சுகர் ஏத்துற மாத்திரையை மட்டும் நிறுத்திடலாம்ல மாமா?" என்றாள் அவள். நல்ல கேள்வி. அதற்கும் அறிவியல் விடை தேடியிருக்கிறது.

பிரிட்டனில் 1977இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. நீரிழிவு நோயாளிகள் 5,000 பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். அவர்களில் பிரஷரும் இருந்த 1,148 பேரைத் தனியாக எடுத்து, ஒரு பிரிவினருக்கு ரத்த அழுத்தத்தைக் கறாராகக் கட்டுப்படுத்தினார்கள். இன்னொரு பிரிவினருக்குச் சற்றுத் தளர்வாக விட்டார்கள். எட்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் கவனித்து 1998இல் முடிவைச் சொன்னார்கள். கறாரான பிரிவில் பக்கவாதம் 44 சதவீதம் குறைவு. நீரிழிவு சார்ந்த மரணம் 32 சதவீதம் குறைவு. இரண்டு பிரிவுக்கும் இடையே இருந்த வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? மேல் அளவில் வெறும் 10 மில்லிமீட்டர்தான்!

இன்னும் ஒன்று. கறாரான பிரிவில் பாதிப் பேருக்கு கேப்டோபிரில், மீதிப் பேருக்கு அட்டெனலால் கொடுத்திருந்தார்கள். முதல் சில ஆண்டுகள் அட்டெனலால் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை அளவு கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. ஆனாலும் உயிரையும் உறுப்புகளையும் காப்பதில் இரண்டு மருந்தும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. கூடிய அந்தச் சர்க்கரையை உணவாலும் சர்க்கரை மருந்தாலும் சரிக்கட்டிவிடலாம். வெடித்த ரத்தக்குழாயைச் சரிக்கட்டுவது கடினம்.

2021இல் 'லான்செட்' மருத்துவ இதழில் 19 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். ரத்த அழுத்தத்தை 5 மில்லிமீட்டர் குறைத்தாலே, புதிதாக நீரிழிவு வரும் வாய்ப்பு 11 சதவீதம் குறைகிறது என்று தெரிந்தது. பிரிலும் சார்டனும் அந்த வாய்ப்பைக் குறைத்தன, லாலும் தயசைடும் கூட்டின, டிபின் எந்தப் பக்கமும் சாயவில்லை.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். மாத்திரை பிடிக்கவில்லையா, சந்தேகமா, டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். மாற்றுவதற்கு நான்கு குடும்பங்கள் இருக்கின்றன. நாமாக நிறுத்த மட்டும் கூடாது. பிரஷர் ஏறினால் பெரும்பாலும் வலிக்காது, தெரியாது. மோட்டார் சத்தம் மாறாமலே குழாய் தெறிக்கும்.

நீங்கள் செய்து பாருங்கள்

ஒரு லிட்டர் பாட்டிலின் பக்கச் சுவரில், அடிக்குச் சற்று மேலே, பெரியவர்களின் உதவியோடு ஆணியால் ஒரு துளை போடுங்கள். துளையை விரலால் மூடிக்கொண்டு, கழுத்து வரை நீர் நிரப்பி, மூடி போடாமல் மேடையில் வையுங்கள். விரலை எடுங்கள். நீர் எவ்வளவு தூரம் பாய்கிறது என்று குறியுங்கள். பாதி நீர் இறங்கியதும் மறுபடி குறியுங்கள். நீர் குறையக் குறையப் பாயும் தூரமும் குறையும். தொட்டியில் நீர் குறைந்தால் விசை குறைகிறது. நீர் மாத்திரையின் வேலை இப்போது புரிகிறதா?

வீட்டிலும் உங்களுக்கு வேலை இருக்கிறது. நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. அதிலேயே ஊறுகாய், அப்பளம், வடுமாங்காய் எல்லாம் அடங்கிவிட வேண்டும். முதலமடை மாங்காய் பக்கத்திலேயே விளைகிற ஊரில் இது கஷ்டம்தான். ஆனாலும் தட்டில் ஒரு துண்டோடு நிறுத்தலாம். சாயங்காலம் அம்மிச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் அரைமணி நேரம் நடக்கலாம். நடந்தால் பிரஷரும் இறங்கும், சுகரும் இறங்கும். ஒரே மருந்து இரண்டுக்கும் ஆகும்!

நான்காவது அட்டை

தோப்பிலிருந்து திரும்பியதும் அவள் நேரே டப்பாவிடம் போனாள். அந்த நான்காவது அட்டையை வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக்கூட்டினாள். "அம்... லோ... டி... பின்." ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு கத்தினாள்.

"அம்மிச்சி! இது டிபின் குடும்பம்! இது சுகரைத் தொடவே தொடாது! நீங்க எட்டு நாளா சும்மாவே நிறுத்திட்டீங்க!"

அம்மா வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். "அட என் சாமி, அது பேருலயே எழுதியிருக்குதா?"

மறுநாள் காலை மூவரும் ஹெல்த் சென்டருக்குப் போனோம். பிரஷர் 168/96. பக்கத்தில் நின்று பட்டையின் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவளின் முகம் மாறியதை நான் கவனித்தேன். டாக்டரம்மா திட்டவில்லை. "சந்தேகம் வந்தா என்கிட்ட வந்து கேளுங்க, சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க" என்று மட்டும் சொல்லி, அதே மாத்திரையை மறுபடி தொடரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சமையலறை நாட்காட்டியில் ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் நான்கு சின்னக் கட்டங்கள் போட்டாள். மாத்திரை போட்டதும் அம்மிச்சியே பென்சிலால் டிக் அடிக்க வேண்டும் என்பது அவள் உத்தரவு. விடுமுறை முடிந்து கிளம்பும் அன்று டப்பாவைத் திறந்து பார்த்தேன். புதிதாக வாங்கிய நான்கு அட்டைகளிலும் குறைந்திருந்தவை சரியாக ஒரே எண்ணிக்கை.